பெல்ட் கொடுத்தவன்

ஜெயபாண்டி முதன்முதலாக என் ஜிம்முக்கு வந்த அன்று அவனைத் திட்டித்தான் வரவேற்றேன். சித்திரைப் பொங்கல் முடிந்த மறுவாரம் அது. உள்ளே வந்தவன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், தரையில் கிடந்த கம்பியைத் தூக்கிப் பார்க்கலாம் என்று குனிந்தான். முட்டி மடங்கவே இல்லை. முதுகு மட்டும் கொக்கி மாதிரி வளைந்தது.

"ஏலே, கீழ வைலே! இடுப்பு உனக்கு வேணுமா வேண்டாமா?" என்று கத்தினேன்.

ஆள் யாரென்றே தெரியாது. இருந்தாலும் என் வாய் அப்படி. பதினான்கு வருடமாகச் சிவகாசியில் ஜிம் வைத்திருக்கிறேன். கீழே காலண்டர் அச்சடிக்கிற பிரஸ், மேலே நாங்கள். காசிராஜன் மாஸ்டரிடம் திட்டு வாங்காமல் இந்த ஊரில் ஒருவனும் ஸ்குவாட் கற்றுக்கொண்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றால்கூட யார் எப்படிக் குனிந்து பையை எடுக்கிறார்கள் என்றுதான் என் கண் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

அவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அதுக்குத்தாண்ணே வந்திருக்கேன். இடுப்பு போச்சு."

வயது முப்பத்திமூன்று. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. மற்ற கம்பெனிப் பெட்டி என்றால் அலுப்பான நேரத்தில் தரையில் இழுத்துத் தள்ளிவிடலாம். பட்டாசுப் பெட்டியை இழுக்கக் கூடாது, உரசக் கூடாது. ஒவ்வொன்றையும் தூக்கித்தான் வைக்க வேண்டும். சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவையாவது குனிந்து நிமிர்வான். இப்போது காலையில் எழுந்து செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை என்றான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு இல்லை, சதையில்தான் பலமில்லை, முறையாக உடற்பயிற்சி செய் என்று அனுப்பியிருக்கிறார்.

"எனக்கு பாடி எல்லாம் வேண்டாண்ணே. இந்த வேல நிக்கணும். எங்க மச்சான் அங்கன போர்மேன். அவுக சொல்லித்தான் சேத்தாக. அவுக மொகத்துல கரியப் பூசிரக் கூடாதுல்ல. அம்புட்டுதான்."

மச்சான் என்றது மணிமுத்துவை. ஜெயபாண்டியின் மனைவி முத்துச்செல்விக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவருக்குப் பிள்ளை இல்லை. ஜெயபாண்டியின் மகள் பிரீத்திகாவுக்கு மூன்று வயது, அவள்தான் அவருக்கு உயிர். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அவர் தன் வீட்டுக்கே போவாராம்.

முதல் மாதம் அவன் கையில் நான் எடையே கொடுக்கவில்லை. ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கொடுத்தேன். அதை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை, மேல்முதுகு, வால் எலும்பு, இந்த மூன்று இடத்திலும் குச்சி ஒட்டியபடியே இடுப்பில் மட்டும் மடங்கிக் குனிய வேண்டும். ஓர் இடம் விட்டாலும் குனிந்தது தப்பு. ஸ்குவாட் என்கிற உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு அவன் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டேன். அவனுக்கு முதலில் குதிகால் தூக்கும், முட்டி இரண்டும் உள்ளே போய் முட்டிக்கொள்ளும்.

"கக்கூஸ்ல உக்கார்ற மாதிரி உக்காராதலே. பின்னால ஸ்டூல் இருக்கு. குண்டியால அதத் தேடு. முட்டிய வெளிய தள்ளு. வயித்துல மூச்சப் பிடி."

"தேடுறேண்ணே, ஆம்பிடலையே" என்பான். ஜிம்மே சிரிக்கும்.

பிறகு தரைப் பயிற்சி. மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குவது, நாலு காலில் நின்று வலது கையையும் இடது காலையும் நீட்டிப் பத்து எண்ணுவது, முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி நிற்பது. இளவட்டங்கள் இதையெல்லாம் செய்யமாட்டார்கள், கண்ணாடியில் எடுப்பாகத் தெரியாது என்பதால். முதுகின் அடிப்பாகத்துக்கு இதுதான் சோறு. ஜெயபாண்டி ஒரு நாள் தவறாமல் செய்தான். பத்தாவது வாரம், படிக்கட்டில் நின்று குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "அண்ணே, பாத்தீகளா?" என்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அவனிடம் பலம் இருந்தது. எடை போடப் போட அசராமல் உட்கார்ந்து எழுந்தான். மூன்று வருடம் பழகியவன் தூக்குகிற எடையை மூன்று மாதத்தில் தூக்கினான். அக்டோபரில் ராஜபாளையத்தில் ஒரு பவர்லிஃப்டிங் போட்டி வைத்திருந்தார்கள். என் ஜிம்முக்கு இதுவரை ஒரு பதக்கம் வந்ததில்லை. ஆசை யாரை விட்டது? அவன் வேலைக்காக வந்தவன் என்பதை மறந்து பதக்கத்துக்காகப் பழக்க ஆரம்பித்தேன். தரைப் பயிற்சிக்கு நேரமில்லை என்று நானே அதை வெட்டினேன். என்னுடைய தோல் பெல்ட்டை எடுத்து அவனிடம் கொடுத்தேன். நான்கு விரற்கடைக்கு மேல் அகலம், முன்னால் கனமான இரும்பு பக்கிள். அதைக் கட்டிக்கொண்டால் இடுப்பு கல்தூண் மாதிரி நிற்கும். வெளியிலிருந்து வாங்குகிற பலம்தான், கழற்றினால் போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

ஆவணியில் லோடு கூடியது. பகலெல்லாம் பெட்டி, சாயங்காலம் என்னிடம் கம்பி. ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"திரும்ப லேசாப் பிடிக்குதுண்ணே. ரெண்டு வாரம் எடைய விட்டுட்டுப் பழைய தரைப் பயிற்சியே செய்யட்டா?"

அவன் கேட்டதுதான் சரி. நான் சொல்லிக்கொடுத்ததையே எனக்கு அவன் திருப்பிச் சொன்னான். போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது.

"அதெல்லாம் வேண்டாம். லோடு ஏத்தும்போதும் பெல்ட்டக் கட்டிக்கோ, சரியாப் போகும்."

"அங்கன இரும்பு ஆகாதேண்ணே."

"சட்டைக்குள்ள கட்டுலே. யாரு பாக்கப் போறா?"

சிவகாசியில் பிறந்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சா இது? இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும், பட்டாசு அறைக்குள் இரும்புச் சாமான் போகக் கூடாது என்று இந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்குத் தெரியும். கேட்டில் பீடி, தீப்பெட்டி, போன் இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அதை ஒளித்துக் கொண்டுபோ என்று வாயாரச் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த ஆளின் முட்டியைப் பார்க்கப் போய்விட்டேன். என் சொல்லை ஜெயபாண்டி தட்டமாட்டான். கட்டிக்கொண்டு போனான்.

எட்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் அவன் பெட்டியை உயரத்தில் ஏற்றும்போது சட்டை மேலே ஏற, பக்கிள் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. பார்த்தது வேறு யாருமில்லை, மணிமுத்து. சொந்தத் தங்கை புருஷன்தானே என்று அவர் மூடி மறைத்திருக்கலாம். பக்கத்து அறையில் நாற்பது பெண்கள் திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நேரே முதலாளி லட்சுமிகாந்தத்திடம் கூட்டிப் போய்விட்டார். நியாயமான மனுஷன்.

ஜெயபாண்டி உள்ளதைச் சொல்லியிருக்கிறான், ஜிம் மாஸ்டர்தான் கட்டச் சொன்னார் என்று. முதலாளியும் லேசில் ஆளைத் துரத்துகிறவர் அல்ல. "அந்த மாஸ்டர் ஆமான்னு சொல்லட்டும். விவரங்கெட்ட பேச்சைக் கேட்டுச் செஞ்சுட்டான்னு பத்து நாள் நிறுத்தி வச்சுட்டுச் சேத்துக்குவோம். இல்லைன்னா இவனா ஒளிச்சுக் கொண்டாந்ததுன்னுதான் அர்த்தம். அப்படி ஒருத்தன உள்ள விடமுடியாது" என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் கேட்டுவரச் சொல்லி மகன் தருண்குமாரை அனுப்பினார். தருண்குமார் என் சாயங்கால பேட்ச் பையன்.

அவன் கேட்டபோது ஜிம்மில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். எல்லாரும் எடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாஸ்டர், ஜெயபாண்டிய லோடுல பெல்ட் கட்டச் சொன்னீகளா? அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாக."

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒருவனுடைய வேலை அந்த ஒரு சொல்லில் நின்றது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தேன். நாற்பது பெண்கள் இருந்த கட்டடத்துக்குள் இரும்பை அனுப்பினவன் என்று ஊரே பேசும். எந்த வீட்டிலிருந்து அப்புறம் பிள்ளைகளை அனுப்புவார்கள்?

"நானா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஜிம்முல கட்டுறதுக்குக் கொடுத்தேன். அங்கன கொண்டு போனது அவன் இஷ்டம்."

"அதான மாஸ்டர். நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றான் தருண்குமார். எல்லாரும் திரும்ப எடையைத் தூக்கினார்கள்.

ஊருக்கெல்லாம் முதுகை நிமிர்த்தச் சொல்லிக்கொடுத்தவன், நிமிர வேண்டிய நேரத்தில் இப்படி நின்றேன். மறுநாள் அவன் சண்டைக்கு வருவான், காலில் விழாத குறையாகச் சமாதானம் சொல்லி, நானே முதலாளியைப் போய்ப் பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போனும் இல்லை. அவன் வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

வேலை போய்விட்டது என்றும், குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டு விருதுநகரில் தங்கி மூட்டை தூக்குகிறான் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். போட்டி வந்தது, போனது. தீபாவளி போனது. தைப்பொங்கலும் போனது. எங்கோ ஓர் இடத்தில் பிழைக்கிறான், அவனுக்குப் பலத்தைக் கொடுத்தவன் நான்தானே என்று கூட ஒருநாள் நினைத்தேன். மனசு இருக்கிறதே, அதைப் போல வக்கீல் கிடையாது.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். தருண்குமார் ஸ்குவாட் முடித்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவன் சும்மா பேச்சுவாக்கில் சொன்னான்.

"மாஸ்டர், எங்க மணிமுத்து அண்ணாச்சி ரொம்ப ஒடஞ்சு போயிட்டாக. தங்கச்சி மகளுக்குப் போன மாசம் காதுகுத்து. தாய்மாமன் இவுக. பத்திரிக்கை கூட வைக்கலையாம். பிள்ள பொறந்தப்பவே கம்மல் எடுத்து வச்சிருந்தாகளாம். அன்னைக்கு லீவு போடாம வந்து, லோடு ஷெட்டுல ஒத்தையா உக்காந்திருந்தாக. அப்பாவே போய் வீட்டுக்குப் போங்கன்னு சொன்னாக."

"ஏன் வைக்கல?" என்று கேட்டேன்.

"அந்த பெல்ட் விஷயந்தான். ஜெயபாண்டி இவுகள நடுத்தெருவுல வச்சு ஏசிட்டாராம்."

எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். மாமன் வெளிநாட்டில் இருந்தாலும் நாள் தள்ளிப்போடுவார்கள். மாமன் உயிரோடு, ஐந்து தெரு தள்ளி இருக்கும்போது, அவர் இல்லாமல் ஒரு காதுகுத்து நடந்தது என்றால் அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம். நான் ஒருத்தனின் வேலையைத்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் விருதுநகர் போனேன். விசாரித்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் ஒரு பருப்புக் குடோனைக் கண்டுபிடித்தேன். மணி ஏழுகூட ஆகவில்லை. குடோன் வாசலில் நாலைந்து லோடுமேன்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு குச்சியை முதுகில் வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தவன் ஜெயபாண்டி.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் அப்படி மலர்ந்தது. அதைவிட அவன் என்னை அறைந்திருக்கலாம்.

"அண்ணே, வாங்கண்ணே! ஏப்பா, நான் சொன்னேன்ல காசிராஜன் மாஸ்டர், இவுகதான். இந்தா இருக்கானுகள்ல, இவனுக ஒருத்தனுக்கும் இப்ப இடுப்பு வலி கிடையாது. எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான். நம்ம தரைப் பயிற்சி தினம் நடக்குது."

அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வயதான ஒருவர் தன் முதுகைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நான் அவனைத் தள்ளிக்கொண்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனேன்.

உட்கார்ந்ததும் அவன்தான் முதலில் மன்னிப்புக் கேட்டான்.

"பெல்ட்ட அங்கனயே பிடுங்கி வச்சுக்கிட்டாகண்ணே. உங்க பொருளத் தொலைச்சுட்டு எந்த மொகத்தோட வந்து நிக்கன்னுதான் வரல. உங்களையும் இந்த வம்புல இழுக்க வேண்டாம்னு தோணுச்சு. கோவிச்சுக்காதீக."

"அத விடு. காதுகுத்து நடந்துச்சாமே."

தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க மச்சான் ஒரு வேல செஞ்சாருண்ணே. மாஸ்டர்கிட்டக் கேட்டாச்சு, நான் சொல்லலன்னுட்டாருன்னு வந்து சொன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். எங்க மாஸ்டர் வாய்ல அப்படி வராது, உங்க ஆள் ஒருத்தன என் எடத்துல போடுறதுக்கு நீங்க கட்டுற கதைன்னு நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். நடுத்தெருவுல. அவுக ஒரு வார்த்த திருப்பிப் பேசலண்ணே. துண்ட ஒதறிப் போட்டுட்டுப் போயிட்டாக. அதோட சரி."

"காது குத்தும்போது யார் மடியில..."

"முத்துச்செல்விக்குச் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான். அவன் மடியில வச்சோம். பிள்ள உக்கார மாட்டேன்னுட்டா. மாமா எங்க, மாமா எங்கன்னு ஒரே அழுகை. நாலு பேரு பிடிச்சு வச்சுத்தான் குத்துனாக. அன்னையிலேருந்து முத்துச்செல்வி எங்கூடச் சரியாப் பேசல. என்னண்ணே செய்ய? பொய் சொன்ன மனுஷன் மடியில எப்படிப் பிள்ளைய வைக்க?"

நான் டீ கிளாசைக் கீழே வைத்தேன்.

"மணிமுத்து பொய் சொல்லல ஜெயபாண்டி. தருண்குமார் வந்து கேட்டான். நான் சொல்லலன்னுதான் சொன்னேன்."

அவன் புரியாமல் சிரித்தான். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தான்.

"சட்டைக்குள்ள கட்டச் சொன்னதே நீங்கதானண்ணே?"

"ஆமா. சொன்னது நான்தான். சொல்லலன்னதும் நான்தான்."

அவன் என்னைத் திட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் முன்னால் அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் இப்போது இல்லை. இன்றைக்கே லட்சுமிகாந்தம் முதலாளியைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று வேகவேகமாகச் சொன்னேன்.

"வேல கெடக்கட்டும்ணே" என்றான். "வேல இங்கனயும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். நம்பரைத் தேடாமலே அடித்தான். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. நாலாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"மாப்ள?" என்றது மணிமுத்துவின் குரல். அவசரமாக, பயந்துபோன குரல். "என்ன மாப்ள, பிள்ளைக்கு ஏதும்...?"

ஜெயபாண்டி வாயைத் திறந்தான். மச்சான் என்று கூப்பிட முயன்றான், வரவில்லை. போனை என் கையில் திணித்துவிட்டுத் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் ஜிம் மாஸ்டர் காசிராஜன் பேசுறேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைக்குள் கட்டச் சொன்னதை, தருண்குமாரிடம் பொய் சொன்னதை, ஜெயபாண்டி அதை நம்பாமல் என்னை நம்பியதை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டியது. இப்போது எத்தனை சொல்லியும் முடியவில்லை. என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசுங்கள் என்றும் சொன்னேன்.

மணிமுத்து ஏசவில்லை.

"மாஸ்டர்," என்றார். "பிள்ளைக்குக் காது ரெண்டும் ஆறிருச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நான் ஜெயபாண்டியிடம் கேட்டேன். துண்டுக்குள்ளிருந்து தலை மட்டும் அசைந்தது.

"ஆறிருச்சாம்" என்றேன்.